அம்மாவின் பாயும் கமராவின் கண்ணும்

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், ஆள் விழுந்தால் கைபேசிக்கு அறிவிக்கும் அந்தக் கமரா ஏறி இரண்டரை வருடமாகிறது. 2023 நல்லூர்த் திருவிழாவுக்கு டொரோன்டோவிலிருந்து வந்த தம்பி கொண்டுவந்தான். அதற்கு முந்தைய மாரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்த அம்மா, நான் வேலையால் வரும்வரை ஒன்றரை மணித்தியாலம் ஈரத்தில் கிடந்திருந்தார். அவருக்கு அப்போது 79 வயது.

இந்த வகைக் கருவி, படத்தில் ஆளைக் கண்டுபிடித்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று உடலைப் புள்ளிகளாக்குகிறது. கூகுள் 2020இல் வெளியிட்ட பிளேஸ்போஸ் முறையில் ஓர் உடலுக்கு 33 புள்ளிகள். இடுப்பு சட்டென்று கீழே போய், உடல் கிடையாகவே இருந்தால் கைபேசி அலறும்.

முதல் மாதம் அது அலறாத நாளே இல்லை. அம்மா நிலத்தில் குந்தித்தான் மரக்கறி வெட்டுவார், திருவலையில்தான் தேங்காய் துருவுவார், மத்தியானம் பாயில்தான் சரிவார். தூணைப் பிடித்து மெல்லத்தான் இறங்குவார். ஆனால் முழங்கால் தாங்காமல் கடைசி ஒரு சாண் தொப்பென்று போய்விடும். கமராவுக்கு அந்த ஒரு சாணே போதும்.

விழுகையைக் கண்டறியும் இப்படியான முறைகளைப் பழக்கவும் சோதிக்கவும் பரவலாகப் பயன்படும் போலந்துத் தரவுத்தொகுப்பு ஒன்றில் 70 பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் 30தான் விழுகைகள். அவையும் தன்னார்வலர்கள் நடித்து விழுந்தவை. கிழவர்களை விழுந்து காட்டச் சொல்ல முடியாதுதான். ஆனால் பாயில் படுக்கும் ஆட்களையாவது கொஞ்சம் படம் பிடித்திருக்கலாம்! கடைசியில், பாய் விரிக்கும் இடத்தில் ஒன்று முதல் மூன்று மணி வரை எச்சரிக்கை வேண்டாம் என்று அமைத்தோம். அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு முருகன்தான் காவல்.

அறையில் பூட்டிய இரண்டாவது கமராவின் கதை வேறு. அதன் அகச்சிவப்பு ஒளி நுளம்பு வலையில் பட்டுத் தெறித்து, முதல் இரவு முழுவதும் வெறும் வெள்ளைத் திரைதான். கால்மாட்டுப் பக்கம் மாற்றிய பிறகு, வலையை விலக்கிக் காலைக் கீழே வைத்தாலே என் அறையில் மணி அடிக்கிறது. இதற்கு மட்டும் முழுப் புள்ளி கொடுப்பேன். விழுந்த பிறகு ஓடுவதைவிட, எழும்பும்போதே போய்க் கைபிடிப்பது எவ்வளவோ மேல்.

தவறவிட்டதும் உண்டு. சென்ற மார்கழியில் குசினி வாசலில் அம்மா இடறி விழுந்தார். மேசை மறைத்ததால் கமராவுக்குத் தெரிந்தது அரை உடல்; அது பேசாமல் இருந்தது. கையிலிருந்த சருவச்சட்டி உருண்ட சத்தம்தான் என்னைக் கூப்பிட்டது. மேசையை இடம் மாற்றினோம்.

மின்வெட்டுக்கு ரவுட்டருக்கு ஒரு சிறு பட்டரி வைத்திருக்கிறேன், அது போதுகிறது.

கிணற்றடியில் கமரா பூட்ட அம்மா விடவில்லை. அவர் விழுந்ததே அங்கேதான், ஆனாலும் நான் வற்புறுத்தவில்லை. தம்பிக்குப் படம் போவதில்லை, கோட்டுருவம் மட்டுமே போகிறது என்று காட்டினேன். பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, என்னைச் சுள்ளியால் கட்டி வைத்திருக்கிறான்” என்றார். அப்படியும் சேலை மாற்றும்போது கமரா மேல் துவாயைப் போட்டுவிடுகிறார். எடுக்க மறந்தும்விடுகிறார். போன கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தம்பி பதறியடித்து அழைத்தான், அங்கே விடியப்புறம் மூன்று மணி. நான் போய்த் துவாயை எடுத்தேன்.