நீதிமன்ற வாசலா, நாடாளுமன்றத்தைச் சுற்றிச் சங்கிலியா?

லண்டனில் ஒருவருடைய நாடு கடத்தலை எதிர்த்து அமைதியாகப் போராட நினைத்தால், என் கணக்கில் உருப்படியான வழி இரண்டுதான். வழக்கு நடக்கும் நாளில் நீதிமன்ற வாசலில் பதாகையோடு நிற்கலாம், இல்லையென்றால் ஒரு சனிக்கிழமை பார்த்து ஊர்வலமோ மனிதச் சங்கிலியோ நடத்தலாம். விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சை அமெரிக்காவுக்கு நாடு கடத்தும் வழக்கில் எங்கள் சின்னக் குழு வாசலைத்தான் பிடித்துக்கொண்டது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பார்க்கப் பெரியது எது என்றால் சங்கிலிதான், அதில் பேச்சே இல்லை. 2022 அக்டோபர் 8 அன்று ஆயிரக்கணக்கானோர் கைகோத்து, ஒரு பாலத்தில் ஏறி, தேம்ஸின் மறுகரை வழியே போய், அடுத்த பாலத்தில் திரும்பி நாடாளுமன்றத்தையே வளைத்தார்கள். தொழிற்கட்சியின் முன்னாள் தலைவர் ஜெரமி கார்பினும் வந்து நின்றார். வாசல் கூட்டம் இதன் பக்கத்தில்கூட வர முடியாது.

ஆனால் இந்த மாதிரி வழக்கில் நாள்காட்டிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2022 ஏப்ரல் 20 அன்று நீதிமன்றம் கோப்பை உள்துறைச் செயலருக்கு அனுப்பியது. முடிவெடுக்கச் சட்டம் அவருக்குத் தரும் அவகாசம் இரண்டு மாதம். ஜூன் 17 அன்று, அப்போது அந்தப் பதவியில் இருந்த பிரீத்தி படேல் நாடு கடத்தும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். சங்கிலி வந்ததோ அக்டோபரில். அதன் நோக்கம் அந்த ஒரு கையெழுத்து மட்டுமல்ல என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லலாம், அதுவும் நியாயம்தான், இருந்தாலும் அத்தனை ஆயிரம் பேரைத் திரட்ட மாதங்கள் ஆகும், வழக்கு அதுவரை காத்திருக்காது.

ஊர்வலம் என்றால் இன்னொரு இழுபறி. 1986 பொது ஒழுங்குச் சட்டப்படி தேதி, நேரம், பாதை, ஏற்பாட்டாளர் பெயர், முகவரி எல்லாம் எழுதி, ஆறு முழு நாட்களுக்கு முன்பே போலீஸிடம் கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் நிற்கும் கூட்டத்துக்கு அந்த அறிவிப்பு தேவையில்லை. போலீஸ் நிபந்தனை போடலாம் என்பது வேறு விஷயம். (2009-ல் ஈழத்தமிழர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்த நாடாளுமன்றச் சதுக்கத்தில், 2011 சட்டத்துக்குப் பிறகு கூடாரம் போட முடியாது, அனுமதியில்லாமல் ஒலிபெருக்கியும் வைக்க முடியாது.)

இந்த வழக்கு எத்தனை வாசல் மாறியது என்று பாருங்கள்: 2020 பிப்ரவரியில் வூல்விச் நீதிமன்றம், செப்டம்பரில் ஓல்டு பெய்லி நீதிமன்றம், 2024 பிப்ரவரியில் ஸ்ட்ராண்டில் உயர் நீதிமன்றம், இடையில் வேறு சில. கைதானது 2019 ஏப்ரல், சிறையை விட்டு வெளியே வந்தது 2024 ஜூன். ஐந்து வருடம் தாக்குப்பிடிக்க வேண்டிய வேலைக்கு, தேதி தெரிந்ததும் பத்துப் பேர் பதாகையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடிகிற வழிதான் சரிப்படும். பெரிய விசாரணை நாளில் கேமராக்கள் ஏற்கெனவே அங்கே நிற்கும், வக்கீல் வெளியே வந்து பேசும்போது பின்னால் தெரிவது உங்கள் பதாகையாகத்தான் இருக்கும்.

நீதிபதியின் மனதைக் கூட்டம் மாற்றியதா? இல்லை என்றே நினைக்கிறேன். 2021 ஜனவரியில் நாடு கடத்த நீதிபதி மறுத்ததற்குக் காரணம் அசாஞ்சின் மனநிலையும் தற்கொலை அபாயமும், அந்தத் தீர்ப்பையும் டிசம்பரில் உயர் நீதிமன்றம் புரட்டிப்போட்டது. எங்கள் முழக்கத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பெரிய ஊர்வலத்தில் நான் நடந்திருக்கிறேனே தவிர நடத்தியதில்லை, அதனால் அந்தப் பக்கத்தின் பலத்தைக் குறைத்து மதிப்பிட்டிருக்கவும் கூடும்.

வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும். வூல்விச்சில் வெளியே எழுந்த சத்தத்தால் கவனம் செலுத்த முடியவில்லை என்று அசாஞ்சே கூண்டுக்குள்ளிருந்து சொன்னார், ஆதரவுக்கு நன்றி, ஆனால் இந்த இரைச்சல் உதவாது என்ற பொருளில். ஆகவே முழக்கத்தைக் காலையில் வண்டி உள்ளே போகும்போதும் மாலையில் வக்கீல்கள் வெளியே வரும்போதும் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் துண்டறிக்கை கொடுத்தால் போதும்.