ஆடித் தள்ளுபடியா, கார்த்திகை மழையா: சென்னையில் ஃபிளாட் பார்க்க எது நல்ல நேரம்?

சென்னையில் வீடு வாங்குகிறவர்கள் காலண்டரைப் புரட்டுவது முகூர்த்தத்துக்காகத்தான். மழைக்காகப் புரட்டுகிறவர்கள் குறைவு. நானும் முதலில் முகூர்த்தக் கட்சிதான். மடிப்பாக்கத்தில் பழைய ஃபிளாட் ஒன்று என்னை மாற்றியது.

முதலில் ஆடி. "இந்த மாதம் யாரும் வாங்க மாட்டாங்க சார், அடிச்சுப் பேசலாம்" என்று புரோக்கர்கள் சொல்வது பாதி உண்மை. புது ஃபிளாட் விற்கும் பில்டர்கள் ஆடியில் கார் பார்க்கிங் இலவசம், மாடுலர் கிச்சன் இலவசம் என்று ஏதாவது அறிவிப்பார்கள். அது நிஜமான சலுகையா என்று தெரிய, ஆனியிலேயே விலைப்பட்டியலை வாங்கி வைத்திருக்க வேண்டும். மறுவிற்பனையில் கதை வேறு. ஆவணி வர எத்தனை நாள் இருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியும். அவசரம் இல்லாதவர் எதற்கு இறங்கி வருவார்? ஆடிப்பெருக்கு அன்றைக்கோ, சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் போடும் அளவுக்குக் கூட்டம்.

ஆடியின் பெரிய குறை விலை இல்லை. அந்த மாதத்தில் சென்னை வீடு தன் குணத்தைக் காட்டுவதில்லை. வெள்ளமும் இருக்காது, கோடை வெயிலின் உச்சமும் தணிந்திருக்கும். நான் மடிப்பாக்கம் வீட்டை ஆடியில்தான் பார்த்தேன். காற்றோட்டம் நன்றாக இருந்தது, எனக்கும் பிடித்துவிட்டது. வங்கிக் கடன் இழுத்தடித்ததால் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. கார்த்திகையில் இரண்டு நாள் மழைக்குப் பிறகு சும்மா எட்டிப் பார்த்தால், பார்க்கிங்கில் நின்ற பைக்குகளுக்கு சைலன்சர் வரை தண்ணீர். வாட்ச்மேன் அண்ணன் பதறவே இல்லை. "வருஷா வருஷம்தான் சார்" என்றார்.

ஆக, உண்மையான போட்டி கோடைக்கும் மழைக்கும்தான். இரண்டும் இரண்டு வேறு நோய்களைக் காட்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அப்படியொரு மே மாதத்தில் போனால் போர்வெல் எத்தனை அடி, மெட்ரோ வாட்டர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, லாரித் தண்ணீருக்கு அசோசியேஷன் மாதம் எவ்வளவு வசூலிக்கிறது என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும். மேற்குப் பார்த்த, மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள ஃபிளாட் என்றால் மதியம் மூன்று மணிக்குப் போய் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஆனால் பள்ளி திறப்பதற்குள் குடிபோக நினைப்பவர்கள் எல்லோரும் அப்போதுதான் தேடுவார்கள். பேரம் பேச அது நல்ல நேரமில்லை.

மழைக்காலம் காட்டுவது 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023-ல் மிக்ஜாம் புயலையும். முடிச்சூர், வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் மழைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். தண்ணீர் இல்லாத வீட்டுக்குக் காசு கொடுத்தாவது லாரி வரவழைக்கலாம். தெருவை விடத் தாழ்ந்த ஃபிளாட்டை அப்படி எளிதாக உயர்த்திவிட முடியாது. பழைய சாலையின் மேலேயே புதிது போடும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் தாழும். அதோடு, பெயின்ட் அடித்து மறைத்த ஒழுகல் மழையில் மறுபடி தலைகாட்டிவிடும்.

தை, பேரத்துக்கு மோசம், பதிவுக்கு நல்லது. அவ்வளவுதான். மார்ச்சில் வாங்கினால் வரி மிச்சம் என்பது பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

கட்டண மாற்றத்துக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. 2023 ஏப்ரல் 1-ல் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆனது. அதே சமயம் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு) 2017-ல் குறைப்பதற்கு முன்பிருந்த நிலைக்கு ஏறியது. அந்த மதிப்பை ஒட்டிப் பதிந்தவர்களுக்கு மொத்தச் செலவு கூடத்தான் செய்தது. இப்போது மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அறுபது லட்சத்துக்கு 5.4 லட்சம். எந்த மாதம் போனாலும் இதில் தள்ளுபடி கிடையாது.

நான் கடைசியில் செய்தது இதுதான்: வேறொரு ஃபிளாட்டைக் கார்த்திகையில் பார்த்தேன், மார்கழியில் பேசினேன். மழை காட்டியதை விற்பவரும் மறுக்க முடியாது, சுவரில் ஈரம் இருக்கும்போது பேச்சு வேகமாக முடிகிறது. "மார்கழியில் அட்வான்ஸ் வாங்க மாட்டோம்" என்று அவர்கள் வீட்டு அம்மா சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று. அந்த இடைவெளியில் முப்பது வருட வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமான விவரம்) எடுத்து, வக்கீலிடம் பத்திரங்களைக் காட்டி, வங்கி வேலையையும் முடித்தேன். தையில் அட்வான்ஸ், மாசியில் பதிவு.

அடுத்த ஆடியில் மடிப்பாக்கம் ஃபிளாட்டுக்கு மறுபடி விளம்பரம் வந்திருந்தது. படத்தில் பார்க்கிங் காய்ந்து பளிச்சென்று இருந்தது.