கிளாக்கோமா சொட்டு: சாதா பாட்டிலா, பதனப்பொருள் இல்லாததா?

கண்ணின் உள்ளழுத்தத்தைக் குறைத்துச் சமாளிக்கும் நோயான கிளாக்கோமாவுக்குச் சொட்டு போடுகிறவர்களின் கண் மாதக்கணக்கில் சிவந்தே இருந்தால், நோய் முற்றுகிறது என்றுதான் வீட்டில் பயப்படுவார்கள். ஆனால் மிகவும் பரவலான நாள்பட்ட வகை கிளாக்கோமா பொதுவாகக் கண்ணைச் சிவக்க வைக்காது. சந்தேகப்பட வேண்டியது சொட்டைத்தான். அதிலும் பல நேரம் மருந்தைவிட, பாட்டிலில் கிருமி சேராமலிருக்கக் கலக்கும் பதனப்பொருளான பென்சல்கோனியம் குளோரைடை. அது கலந்ததுதான் சாதா பாட்டில்; கலக்காததும் கிடைக்கும்.

கண் அழுத்தத்தைக் குறைப்பதில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. விலையிலும், எந்தக் கடையிலும் கிடைப்பதிலும் சாதா பாட்டிலுக்கே வெற்றி. ஆனாலும் என் ஓட்டு பதனப்பொருள் இல்லாததற்கு. காரணம் ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு என்ற கணக்கு.

பென்சல்கோனியம் சோப்பு போல வேலை செய்யும் பொருள். கண்ணீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை உடைக்கும். கண்ணீரை ஒட்டவைக்கும் சளியைச் சுரக்கும் செல்களைக் குறைக்கும். இரவு ஒரு வேளை லடனோபிராஸ்ட் மட்டும் என்றால் ஆண்டுக்கு 365 சொட்டு. பலருடைய கண் தாங்கிவிடும். அதோடு டைமோலால் இரண்டு வேளை, பிரிமோனிடின் இரண்டு வேளை சேர்ந்தால் நாளுக்கு 5, ஆண்டுக்கு 1,825. எரிகிறதே என்று கடையில் கேட்டு வாங்கும் 'செயற்கைக் கண்ணீர்' பாட்டிலிலும் அதே பென்சல்கோனியம் இருந்து, அதை நாலு வேளை விட்டால் கணக்கு 9 ஆகிறது. எரிச்சலுக்குப் போட்ட மருந்தே எரிச்சலைக் கூட்டும் கதை இதுதான். பின்னாளில் அழுத்தத்துக்காக அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், நெடுநாள் அழற்சியில் இருந்த, வெள்ளைவிழியை மூடியுள்ள வெண்படலத்தில் தழும்பு கூடி அது பலிக்காமல் போகும் வாய்ப்பும் அதிகம்.

எனவே நாளுக்கு ஒரே சொட்டு, கண்ணும் சுகம் என்றால் சாதா பாட்டில் போதும். நாளுக்கு இரண்டு சொட்டுக்கு மேல், அல்லது ஏற்கெனவே கண் வறட்சி, இமை விளிம்பு வீக்கம் இருந்தால் மாற்றிக் கேளுங்கள். பணம் இடித்தால் நடுவழி உண்டு: டார்சோலமைடும் டைமோலாலும் சேர்ந்து வரும் கூட்டு மருந்து, இரண்டு பாட்டிலை ஒன்றாக்கும். பாலிக்குவாட் போன்ற மென்மையான பதனப்பொருள் கலந்தவையும் உள்ளன; ஆனால் பென்சல்கோனியம் அளவுக்கு நீண்டகால அனுபவம் அவற்றுக்கு இல்லை.

பதனப்பொருள் இல்லாததில் தொல்லை கையாளுவதில்தான். ஒரு வேளைக்கான சின்ன பிளாஸ்டிக் குழலைத் திருகித் திறந்து, போட்டு, மிச்சத்தை எறிய வேண்டும். நாளைக்கு என்று மூடி வைத்தால் கிருமி சேரும். மூட்டுவாத விரல்களுக்கு அதைத் திருகுவதே பாடு. பதனப்பொருள் இல்லாமலே பல நாள் பயன்படுத்த வரும், வால்வு வைத்த பாட்டிலைச் சாதா பாட்டிலைவிட அழுத்திப் பிதுக்க வேண்டும். புதிதாகத் திறந்ததும் முதல் சொட்டு வரும்வரை சில தடவை அழுத்தத் தேவைப்படலாம். திறந்த தேதியை மேலேயே எழுதுங்கள். எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும்.

பதனப்பொருளை நீக்கியும் பலிக்காத இடங்கள் உண்டு. பிரிமோனிடின் ஒவ்வாமை, சொட்டை ஆரம்பித்துப் பல மாதம் கழித்துக்கூட வரும்: அரிப்பு, கீழிமையின் உட்புறம் சின்னச் சின்னப் பருக்கள், இமைத் தோல் செதிள் செதிளாக உரிதல். அங்கே மருந்தையே மாற்ற வேண்டும். அதே மருந்து, அரிதாக, கண்ணுக்குள்ளேயே யுவைட்டிஸ் அழற்சியையும் உண்டாக்கும். வலி, வெளிச்சம் கூசுதல், மங்கல் வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். லடனோபிராஸ்ட் வகையின் லேசான சிவப்போ முதல் சில வாரங்களில் பெரும்பாலும் தணியும்.

எந்தச் சொட்டையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். வீட்டிலுள்ள எல்லாச் சொட்டுகளையும், கடையில் கேட்டு வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். மாற்றிய பிறகு சில வாரம் பொறுத்து அழுத்தத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அப்போதும் சிவப்பு குறையாவிட்டால், அடுத்த சந்தேகம் மருந்தின் மேல்.