உளவியல் அறிமுக வகுப்பு: வரலாறா, மூளையா, கதையா, சோதனையா?

உளவியல் வகுப்புக்கு முதல் நாள் வரும் மாணவர் பாடத்துக்குத்தான் புதியவர். மனதைப் பற்றி அவரிடம் கருத்துகளுக்குப் பஞ்சமே இருக்காது. மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், பார்த்ததெல்லாம் நினைவில் அப்படியே பதிந்துவிடும், உளவியல் படித்தால் எதிரில் இருப்பவர் நினைப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். வேதியியல் ஆசிரியருக்கு இந்தத் தொல்லை குறைவு. அதனால் பாடத்தை எங்கே தொடங்குவது என்று யோசிக்கும்போது, இந்த நம்பிக்கைகளை எந்த வழி அசைக்கும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். ஆசிரியர்கள் பொதுவாகப் பிடிக்கும் வழிகள் நான்கு.

வரலாற்றிலிருந்து தொடங்குவது பழைய வழி. 1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வகம் நிறுவினார், பிறகு வில்லியம் ஜேம்ஸ், ஃபிராய்ட், 1913இல் நடத்தையியலை அறிவித்த வாட்சன், ஸ்கின்னர், கடைசியில் நினைவு, சிந்தனை போன்றவற்றை ஆராயும் அறிதல் உளவியல். இதில் ஒரு அருமையான விஷயம் ஒளிந்திருக்கிறது. தன் மனதைத் தானே கவனித்துச் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொண்டால், இரண்டு ஆய்வகங்கள் இரண்டு விதமாகச் சொல்லும்போது யார் சொல்வது சரி என்று தீர்ப்பதற்கு வழியே இல்லை. வாட்சன் மனதை ஒதுக்கிவிட்டு நடத்தையை மட்டும் அளக்கச் சொன்னது அந்த எரிச்சலில்தான். இதை உணர்ந்த மாணவருக்கு அறிவியல் முறை ஏன் தேவை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் நடப்பது வேறு. ஒரு கண்டுபிடிப்பைக்கூடப் பார்க்காத மாணவர், எதைப் பற்றிய சண்டை என்றே தெரியாமல் சண்டையை மட்டும் கேட்கிறார். கடைசியில் மிஞ்சுவது பெயரும் ஆண்டும் கொண்ட ஒரு அட்டவணை. அதிலும் ஃபிராய்ட் மற்ற எல்லோரையும் மறைத்துக்கொண்டு நிற்பார்.

மூளையிலிருந்து தொடங்குவது பல பாடநூல்களின் வரிசை. நியூரான் (நரம்பு செல்), மூளைப் பகுதிகள், புலன்கள் என்று அடியிலிருந்து கட்டிக்கொண்டு போவார்கள். தர்க்கம் சரிதான். பத்து சதவீதக் கட்டுக்கதை இங்கே எளிதாக உடையும்: உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு அவ்வளவு ஆற்றல் எதற்கு? உயிரியல் பின்னணி உள்ளவர்களுக்கு இது பொருந்தும். மற்றவர்கள் மனிதர்களைப் பற்றிப் படிக்க வந்து, வாரக்கணக்கில் ஒரு மனிதரைக்கூடச் சந்திக்காமல் சோர்ந்துபோவார்கள்.

புகழ்பெற்ற ஆய்வுகளைக் கதையாகச் சொல்வதுதான் வகுப்பைக் கட்டிப்போடும் வழி. அதுவே எனக்கு அதிகம் பயம் தரும் வழியும்கூட. ஸ்டான்லி மில்கிராம் 1963இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும்படி ஆய்வாளர் சொன்னபோது 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். (அதிர்ச்சி உண்மையானதல்ல. அது அவர்களுக்குத் தெரியாது.) கதை இத்தோடு முடிந்தால், மனிதர்கள் ஆட்டுமந்தை என்ற முடிவோடு மாணவர்கள் எழுந்து போவார்கள். அதே ஆய்வின் இன்னொரு வடிவத்தில், உடன் அமர்ந்த இருவர் மறுத்து எழுந்ததும், 40 பேரில் 4 பேர்தான் கடைசி வரை போனார்கள். சூழலில் ஒன்றை மட்டும் மாற்றினால் நடத்தை எவ்வளவு மாறுகிறது என்பதுதான் இங்கே கற்க வேண்டிய கருத்து. முதல் எண்ணை மட்டும் சொல்பவர் அதைக் கோட்டைவிடுகிறார். சிலரைக் காவலர்களாகவும் சிலரைக் கைதிகளாகவும் நடிக்கவைத்து 1971இல் நடந்த ஸ்டான்ஃபோர்ட் சிறைச் சோதனை இன்னும் மோசம். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று காவலர்களுக்கு முன்பே வழிகாட்டல் இருந்தது பின்னாளில் ஆவணங்களில் தெரியவந்தது. அதைச் சொல்லாமல் அந்தக் கதையைச் சொல்வது பாடம் ஆகாது.

நான்காவது வழி, மாணவர்களையே சோதனைக்கு உட்படுத்துவது. என் ஓட்டு இதற்குத்தான். படுக்கை, ஓய்வு, கனவு, இரவு, களைப்பு, கொட்டாவி, தலையணை, போர்வை, குறட்டை, சோம்பல், விழிப்பு, தாலாட்டு என்று நிதானமாக வாசியுங்கள். இரண்டு நிமிடம் வேறு பேச்சு. அப்புறம் நினைவில் உள்ள சொற்களை எழுதச் சொல்லுங்கள். ‘தூக்கம்’ என்று எழுதியவர்கள் கை தூக்கட்டும். கணிசமான கைகள் எழும், சிலர் நீங்கள் அதை வாசித்ததாகச் சத்தியமே செய்வார்கள். பட்டியலில் அந்தச் சொல் கிடையாது. உளவியலாளர்கள் ரோடிகரும் மெக்டெர்மாட்டும் 1995இல் இதே முறையில் ஆராய்ந்தபோது, வாசிக்காத அந்தச் சொல், பட்டியலின் நடுவில் உண்மையாகவே வாசித்த சொற்களுக்கு இணையாக நினைவுகூரப்பட்டது. நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது என்று பத்துப் பக்கம் எழுதினாலும் வராத அதிர்ச்சி, தன் கையெழுத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது வரும்.

ஆனால் அங்கே நிறுத்தினால் அது வெறும் வித்தை காட்டல். எத்தனை பேர் எழுதினார்கள் என்று பலகையில் எண்ணி எழுத வேண்டும். பட்டியலோடு சம்பந்தமே இல்லாத ஒரு சொல்லை எத்தனை பேர் எழுதினார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஒப்பிட ஒன்று தேவை என்பது அப்போது தானாகவே விளங்கிவிடும். பிறகு வேறொரு பட்டியலை வகுப்பில் பாதிப் பேருக்கு வேகமாகவும் மீதிப் பேருக்கு மெதுவாகவும் வாசித்தால், சாரா மாறி (நாம் மாற்றுவது), சார்ந்த மாறி (அதன் விளைவாக நாம் அளப்பது) இரண்டும் பாடத்துக்குள் வந்துவிடும். சிறிய வகுப்பில் சில நாள் சோதனை பலிக்காது. அதை மறைக்காதீர்கள். மாதிரி அளவு (எத்தனை பேரைச் சோதித்தோம்) பற்றிப் பேச அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. குழந்தை வளர்ச்சி, ஆளுமை, மனநோய் போன்றவற்றை மேசையில் செய்து காட்ட முடியாது. யாரையும் சங்கடப்படுத்தும் சோதனையும், சொந்தத் துயரத்தைப் பேசவைக்கும் பயிற்சியும் வகுப்புக்கு ஆகாது.

எந்த வழியாலும் தானாகத் தீராத கருத்துகளும் இருக்கின்றன. எதிர்மறை வலுவூட்டல் அதில் முதலிடம். அதைத் தண்டனை என்றே பலர் பரீட்சையில் எழுதுவார்கள். சீட் பெல்ட் போடும்வரை கார் கத்திக்கொண்டே இருக்கிறது, போட்டதும் நின்றுவிடுகிறது. தொல்லை நீங்குவதால் பெல்ட் போடும் பழக்கம் கூடுகிறது, எனவே அது வலுவூட்டல். தண்டனையோ பழக்கத்தைக் குறைக்கும். வலுவூட்டலை ஆராய்ந்த ஸ்கின்னரின் வாழ்க்கையைச் சொன்னாலும், மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளை விளக்கினாலும் இந்தக் குழப்பம் போகாது. மாணவர்களே உதாரணங்கள் எழுதி, பக்கத்தில் இருப்பவருடையதைத் திருத்தினால்தான் தெளியும்.

முழுப் பருவம் கையில் இருந்தால் நினைவு, கவனம், புலன்காட்சி மூன்றையும் சோதனைகளால் தொடங்கி, அடுத்து மில்கிராமை அதன் மாற்று வடிவங்களோடு சொல்லி, வரலாற்றை நடுவில் வைப்பேன். அதற்குள் மாணவர்களுக்குச் சண்டையின் பொருள் புரிந்திருக்கும். மூளையைத் தனி அத்தியாயமாக வைக்காமல் அந்தந்தத் தலைப்போடு சேர்த்துவிடுவேன். ஒரே ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அந்தத் தூக்கப் பட்டியல் மட்டும் போதும். வுண்ட்டும் நியூரானும் பாடநூலில் இருக்கிறார்கள், வேண்டியவர்கள் வீட்டில் படித்துக்கொள்ளலாம்.