கிட்னி வருத்தக்காரப் பூனைக்கு ரீனல் சாப்பாடு, வன்னியில இருந்து வேண்டிப் பாத்த அனுபவம்

முதல்லயே சொல்லிப்போடுறன், வேண்டலாம். விலை கூடத்தான், எங்கட பக்கத்துக் கடையளில எனக்குக் கிடைக்கேல்லை, கொழும்பில இருந்துதான் எடுப்பிக்கிறன், ஆனா ரத்தம் பாத்து டொக்டர் கிட்னி வருத்தம்தான் எண்டு உறுதியாச் சொல்லியிட்டா இதுக்குக் காசு போடுங்கோ, மற்ற சத்து மருந்து, பவுடர், எண்ணெய் எல்லாம் பிறகு பாக்கலாம்.

எங்கட சூட்டிக்கு பதினாலு வயசு தாண்டியிட்டுது. மீள்குடியேறி வந்து தரப்பாள் கொட்டில்ல இருக்கேக்க வந்து சேந்தவள், எலியை அண்ட விடாமல் பாத்தவள், அவளுக்குச் செலவழிக்கிறதைப் பற்றி ஆர் என்ன சொன்னாலும் எனக்குப் பிரச்சினையில்லை. போன வருசம் எந்த நேரமும் தண்ணிச் சட்டியடியில நிண்டாள், மூத்திரமும் கூட, தடவினா முதுகெலும்பு கையில தட்டுப்பட்டுது. ரத்தம் பாத்தா கிரியாட்டினின், அதாவது கிட்னி வெளியில தள்ளவேண்டிய கழிவு, 3.4. பூனையளுக்கு 2.9ல இருந்து 5.0 வரைக்கும் கிட்னி வருத்தத்தின்ர மூண்டாம் கட்டமாம். கிட்னியின்ர முக்கால்வாசி வேலை போனாப் பிறகுதான் உந்த நம்பர் ஏறுமாம், அதால வயசு போன பூனை வச்சிருக்கிற ஆக்கள் தண்ணி குடிக்கிறது கூடினா உடன ரத்தமும் மூத்திரமும் பாருங்கோ, மெலியும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வவுனியாப் பக்கம் சனத்துக்கும் சிறுநீரக வருத்தம் கனக்க இருக்கிறபடியா, கிணத்துத் தண்ணிதான் காரணமோ எண்டு கேட்டவை கனபேர். பூனையளுக்கு இது வயசோட வாறது, எல்லா நாட்டிலயும் வருது. வீட்டுக்கு ஆர்ஓ தண்ணி எடுக்கிறபடியா அவளுக்கும் அதைத்தான் வைக்கிறன், ஆனா தண்ணி மாத்தினாப் போதும் எண்டு மட்டும் நினைச்சிடாதேங்கோ.

இந்தச் சாப்பாட்டில அப்பிடி என்ன இருக்கு எண்டா, முக்கியமா பொஸ்பரஸ் குறைவு. கிட்னி ஏலாமப் போனா பொஸ்பரஸை வெளியில தள்ளேலாது, அது ரத்தத்தில தேங்கித் தேங்கி மிச்சமிருக்கிற கிட்னியையும் பழுதாக்கும். எங்கட ஊர்ப் பூனையள் தின்னுறது என்ன, சூடைத் தலை, மீன் முள்ளு, நெத்தலிக் கருவாடு. முள்ளு முழுக்கப் பொஸ்பரஸ், கருவாடு முழுக்க உப்பு. ரீனல் சாப்பாட்டில புரதம் அளவா, உப்பு குறைவா, பொட்டாசியமும் ஒமேகா 3யும் சேத்துச் செய்யிறாங்கள். ரோயல் கனின்ல ரீனல் எண்டு வருது, ஹில்ஸ்ல கே/டி எண்டு வருது, ரெண்டும் டொக்டரைக் கேட்டுத்தான் குடுக்கோணும், சுகமா இருக்கிற குட்டியளுக்குக் குடுக்கிற சாமான் இல்லை. அமெரிக்காவில 2006ல வந்த ஒரு ஆய்வு, கிட்னி வருத்தம் இருந்த 45 பூனையளை ரெண்டு வருசம் வரைக்கும் பாத்தவையள், ரீனல் சாப்பாடு திண்ட பக்கத்தில கிட்னியால செத்த பூனை ஒண்டுமில்லை, சாதாரணச் சாப்பாடு திண்ட பக்கத்தில அஞ்சிலொரு பங்குக்கு மேல செத்துது. டொக்டர் இதைச் சொன்ன பிறகு நான் விலையைப் பற்றி யோசிக்கேல்லை.

இனி உண்மையான சோலி, அதைத் தின்னப் பண்ணுறது. மீன் திண்டு பழகின சீவனுக்கு இதில வாசமே காணாது. திடீரெண்டு மாத்தினா மணந்து பாத்திட்டுப் போயிடும். பழைய சாப்பாட்டுக்குள்ள ஒரு தேக்கரண்டியளவு கலந்து தொடங்கி, கிழமைக்கணக்கா மெல்ல மெல்லக் கூட்டினாத்தான் சரி. ஈரச் சாப்பாட்டுப் பக்கற்றை வெட்டாமல் அப்பிடியே ஒரு தம்ளர் சுடுதண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் வச்செடுத்து, பிறகு வெட்டுங்கோ, மெல்லிய சூட்டோட வாசம் கிளம்பும். சூட்டி முதல்ல அந்தக் குழம்பை மட்டும் நக்கி நக்கி எடுத்துப்போட்டு துண்டுகளைத் தட்டின்ர ஓரத்துக்கு ஒதுக்கி வைப்பாள், அதைக் கரண்டியால மசிச்சு இன்னும் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணி விட்டுக் குழைச்சு வச்சா மிச்சத்தையும் முடிப்பாள், தண்ணியும் அதோட சேந்து உள்ள போகுது, அது ரெட்டை நன்மை. எறும்புக்கு தட்டை தண்ணி விட்ட தாம்பாளத்துக்குள்ள வையுங்கோ. எங்கட வெயிலுக்கு வெட்டின பக்கற் வெளியில கிடந்தா கெட்டிடும், மிச்சத்தை மூடி பிறிட்ஜுக்குள்ள வையுங்கோ.

சத்தி எடுக்கிற நேரத்தில புதுச் சாப்பாட்டைத் தொடங்காதேங்கோ, அந்த வாசத்தையே வெறுத்திடும், பிறகு வாழ்நாளுக்கும் தொடாது. முதல்ல டொக்டரிட்ட சத்திக்கும் பசிக்கும் மருந்து கேளுங்கோ. குளிசையையும் இதுக்குள்ள ஒளிக்க வேண்டாம். இன்னொண்டு, பிடிவாதமாத் தின்னாமல் கிடந்தா பட்டினி போட்டுப் பழக்கலாம் எண்டு நினைக்கவே கூடாது, ரெண்டு மூண்டு நாள் தின்னாட்டிப் பூனைக்கு ஈரல் பழுதாகும், அப்பிடியெண்டா முள்ளெடுத்த மீனோ அவிச்ச முட்டை வெள்ளைக்கருவோ அது தின்னுற எதையாவது குடுங்கோ. வெள்ளைக்கருவில பொஸ்பரஸ் குறைவு, மஞ்சள்கருவை விட்டிடுங்கோ.

அனுப்பின கடையைப் பற்றி, பேர் சொல்லேல்லை. சாமான் பஸ்ஸில ஒழுங்கா வந்துது, ஆனா ஒருக்கா நாய்க்கான ரீனல் பையை அனுப்பிப்போட்டினம், பை ரெண்டும் பாக்க ஒரே மாதிரி. பூனைக்கு டோரின் எண்ட சத்து வேணும், நாய்ச் சாப்பாடு அதுக்குக் காணாது. போன் எடுத்துச் சொல்ல மாத்தித் தந்தவை, ஆனா போக வர அனுப்புற காசு என்ர தலையில. எனக்கு அது சரியான கவலை, அவையின்ர பிழைக்கு நான் ஏன் குடுக்கோணும்? பை வந்த உடன வெட்ட முதல் படத்தையும் முடிவுத் திகதியையும் பாருங்கோ.

விலை எண்டா, ஒரு சின்னப் பக்கற் காசுக்கு வீட்டுக்கு ஒரு நேரக் கறிக்கு மீன் வேண்டலாம். அதால இப்ப காலமையும் இரவும் ஈரச் சாப்பாடு, இடையில காய்ஞ்சது எண்டு வச்சிருக்கிறன், அது கொஞ்சம் கட்டுது. மெலியிறது நிண்டிட்டுது, மயிர் திரும்ப மினுங்குது, மதிலுக்கு ஏறுறாள். சேலைனும் தோலுக்குக் கீழ போடுறம்தான், டொக்டர் பழக்கினவர், அதால எல்லாப் பேரையும் சாப்பாட்டுக்கே குடுக்கேலாது. இருந்தாலும் 5க்கு 4, அந்த ஒண்டை விலைக்காகக் குறைக்கிறன்.

புதுசா வேண்டுறாக்கள் பெரிய பையை எடுக்காதேங்கோ. 85 கிராம் பக்கற் ரெண்டு மூண்டு ருசியில எடுத்து எதைத் தின்னுது எண்டு பாத்திட்டு, பிறகு காய்ஞ்சதில 400 கிராம் பையை எடுங்கோ, முடிய ஒரு கிழமை இருக்கேக்கயே அடுத்ததுக்குச் சொல்லி வையுங்கோ.