மொனசைட் வேலைக்குச் சூடாக்கும் காந்தக் கலக்கி எப்படி?

வவுனியாவில் ஆய்வுகூடச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் சாதாரண ரகம் இது: தட்டால் சூடாக்கிக்கொண்டே, கரைசலுக்குள் போட்ட காந்தக் குச்சியைச் சுழற்றிக் கலக்கும் கருவி. கொக்கிளாய்ப் பக்கத்துக் கனிம மணலில் உள்ள, அருமண் உலோகங்களும் (சீரியம், லந்தனம் போன்றவை) தோரியமும் அடங்கிய பொசுபேற்றுக் கனிமமான மொனசைட்டைக் கோஸ்ரிக் சோடாவால் பிரிக்கும் செய்முறைக்கு, என் கணிப்பில், பாதிதான் பொருந்தும்.

முகப்பில் தெரிவது தட்டின் வெப்பம், கரைசலின் வெப்பம் அல்ல. 140 பாகை தேவையென்றால் வெப்பமானியைக் கரைசலுக்குள்ளேயே விடுங்கள். 100 கிராம் மணலுக்கு 150 கிராம் சோடா, 150 மில்லிலீற்றர் தண்ணீர், 3 மணித்தியாலம். சோடாவைத்தான் தண்ணீரில் போடவேண்டும், மறுவளமாக அல்ல. கண்ணாடி முகவையை இந்தச் சோடா அரிக்கும்; துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரம் நல்லது.

பெரிய குறை கலக்கலில். மொனசைட் மணல் தண்ணீரைப்போல் ஐந்து மடங்கு பாரம். மாவாக அரைக்காவிட்டால் அடியில் படிந்து, காந்தக் குச்சி துள்ளி விலகிவிடும். மேலிருந்து கலக்கும் மோட்டர் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வடிப்பதைச் சூட்டோடு செய்யுங்கள். ஆறினால், மொனசைட்டிலிருந்து பிரிந்து கரைசலில் நிற்கும் பொசுபேற்று பளிங்காகி வடிதாளை அடைத்துவிடும். கழுவக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்: வன்னித் தண்ணீரின் கல்சியம், பிறகு அருமண் உலோகங்களைப் படியவைக்க ஒட்சாலிக் அமிலம் விடும்போது அவற்றோடு சேர்ந்து படியும். வடிதாளில் தங்கியதைக் கழுவியபின் ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைக்கும்போது பீஎச் 3 முதல் 4 வரை நிறுத்துங்கள். அதற்குக் கீழே போனால் தோரியமும் கரையும். அது கதிரியக்கமுள்ளது, ஆகவே அனுமதி பெற்ற ஆய்வுகூடத்துக்கு வெளியே இதைத் தொடாதீர்கள்.

கலக்கிக்கு ஐந்தில் மூன்று.