நாகர்கோவிலில் 12 நாள் கலைத்தொழில் வகுப்பு: குடத்துக்கு முழு மதிப்பெண், வரவு செலவுக்குப் பூஜ்யம்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்த பிள்ளைகளுக்காக நாகர்கோவிலில் கோடை விடுமுறையில் நடக்கும் கலைத்தொழில் அறிமுக வகுப்பு இது. 12 நாள், காலை 9.30 முதல் 1 மணி வரை. கட்டணம் 1,800 ரூபாய், ஒரு அணிக்கு 20 பேர். ஏழு நாள் வில்லிசை (வில்லுப்பாட்டு), இரண்டு நாள் தோல்பாவைக்கூத்து, வடசேரி கோயில் நகை வேலைக்கு ஒரு நாள், மயிலாடி கல்சிற்பத்துக்கு ஒரு நாள், கடைசி நாள் மேல்படிப்பு ஆலோசனை. "பிள்ளைக்குக் கலையில ஆசை இருக்கு, ஆனா சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம்.

வில்லிசைப் பகுதிதான் வகுப்பின் உயிர். ஐந்து பேருக்கு ஒரு வில் என்று நான்கு குழு பிரிக்கிறார்கள். முதல் இரண்டு நாள் யார் கையிலும் வில்லின் நாணை அடிக்கும் வீசுகோலைத் தருவதில்லை. அது மிகச் சரி. வீசுகோல் பிடித்தால் கதை பாடும் புலவர் ஆகிவிடலாம் என்ற நினைப்போடுதான் பாதிப் பிள்ளைகள் வருகிறார்கள். வைக்கோல் புரி சுற்றி, அதில் குடத்தை உட்காரவைத்து, குடத்தின் கழுத்தோடு வில்லைக் கட்டுவதிலிருந்து பாடம் தொடங்குகிறது. கட்டு தளர்ந்தால் வில் உருளும், நாணில் அடிக்கிற அடி வில்லில் கட்டிய மணிகளுக்குப் போய்ச் சேராது, ஓசை செத்துவிடும். ஆத்திரப்பட்டு இறுக்கினால் மண்குடம் விரிசல் விட்டுவிடும். புரி இல்லாமல் வெறுந்தரையில் வைத்தால் குடம் சாய்வதோடு முழக்கமும் தரையோடு போய்விடும். இந்த மூன்றையும் பிள்ளைகளே செய்து, தவறி, திருத்திக்கொள்ள நேரம் விடுகிறார்கள்.

குடத்துக்கு ஒதுக்கிய நேரத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். அடிக்கிற கமுகம்பாளைத் தட்டு (பாக்கு மரப் பாளையில் செய்தது) குடத்தின் வாயை முழுதாக மூடி, மூடிய கணமே எழ வேண்டும். அப்போதுதான் அடிவயிற்றில் இறங்கும் அந்தக் 'கும்' வரும். தட்டு விளிம்பில் பட்டால் 'சட்' என்று வறண்ட சத்தம்தான். வாயிலேயே ஒட்டி நின்றால் அடுத்த அடி ஊமையாகிவிடும். புதியவர்கள் தோளிலிருந்து அடிக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கை ஓய்ந்துபோகிறது. மணிக்கட்டிலிருந்து அடிக்கப் பழக்குகிறார்கள். விடிய விடிய வாசிக்க அது ஒன்றே வழி. உடுக்கையிலும் இதே கவனம் தெரிகிறது. உடுக்கையின் இடுப்பில் உள்ள கயிற்றை எப்போதும் இறுக்கிப் பிடித்தே வாசிப்பது ஆரம்பத் தவறு. விட்டு இறுக்கினால்தான் சுருதி ஏறி இறங்கும், உடுக்கை பேசும். மழை ஈரத்தில் தோல் தொய்வதையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இருக்கிற நம் மாவட்டத்தில் அது தெரியாமல் கச்சேரிக்குப் போக முடியாது.

தொழில் என்று பார்த்தால் வில்லிசையில் இடம் காலியாக இருப்பது பக்கத்து இருக்கைகளில்தான். ஒரு குழுவுக்குப் புலவர் ஒருவர். குடம், உடுக்கை, சிங்கி (சிறு தாளம்), கட்டை என்று மற்றவர்கள் நான்கைந்து பேர். கைத்திறன் உள்ள குடக்காரர் ஒரே கொடைக்காலத்தில் (கோயில் திருவிழாக் காலத்தில்) பல குழுக்களோடு போகலாம். புலவருக்கு அது முடியாது. இந்த உண்மையை வகுப்பு வாயால் சொல்லாவிட்டாலும் கையால் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

பாட்டுப் பகுதியில் குறை இருக்கிறது. காப்பு, வருபொருள் உரைத்தல் (பாடப்போகும் கதையைச் சொல்வது), குருவடி (குரு வணக்கம்), அவையடக்கம், நாட்டு வளம், கதை, வாழி என்ற வரிசை சரியாகவே வருகிறது. ஆனால் கதையை அச்சிட்ட தாளைப் பார்த்துப் பாடவைக்கிறார்கள். கோயில் கொடையில் தாளுக்கு வேலையில்லை. நண்பகல் உச்சிக்கொடைக்கும் நள்ளிரவுச் சாமக்கொடைக்கும் நேரம் உண்டு. சாமி வரும் வேளைக்கு, அதை வரவழைக்கும் வரத்துப்பாட்டு சரியாக வந்து நிற்க வேண்டும். சாமிக்கு வைக்கும் படைப்பு தாமதமானால் பின்பாட்டுக்காரரின் கேள்வியை வைத்தே புலவர் கதையை அரை மணி நேரம் நீட்டுவார். முந்திவிட்டால் நாட்டு வளத்தைச் சுருக்குவார். அந்த நீட்டலும் சுருக்கலும்தான் தொழில். ஒரே கதைத் துண்டைப் பத்து நிமிடத்திலும் நாற்பது நிமிடத்திலும் பாடிக்காட்டச் சொல்லும் பயிற்சி ஒன்று கட்டாயம் சேர வேண்டும்.

தோல்பாவைக்கூத்துக்கு இரண்டு நாள் போதவில்லை. ஆட்டுத்தோல் பாவையைத் திரைக்கு ஒட்டிப் பிடித்தால் உருவம் கூர்மையாக விழும், விளக்குப் பக்கம் நகர்த்தினால் பெரிதாகி மங்கும் என்பது வரை பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது. ஒருவரே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசுவதைத் தொடும் முன்பே நாள் முடிந்துவிடுகிறது. குரல் நடிப்பு, டப்பிங் என்று யோசிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

நகை வேலை நாள் அருமை. கெம்புக்கல் (சிவப்புக் கல்) பதிப்பதை அருகில் உட்காரவைத்துக் காட்டுகிறார்கள். வடசேரி நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பரதநாட்டியம் ஆடுகிறவர்களின் தலைசாமான், ஒட்டியாணம், மேல்கையில் அணியும் வங்கி எல்லாம் இந்தக் கைவேலையின் வழி வந்தவைதான். மேடையில் ஏறாமலே மேடையை நம்பிப் பிழைக்கலாம் என்று பிள்ளைகளுக்குப் புரிவது அந்த மேசையில்தான். மயிலாடியில் உளி பிடிக்கத் தந்தார்கள், முகக்கவசம் தரவில்லை. கருங்கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். ஒரு நாள் வகுப்பானாலும் அந்தப் பழக்கம் முதல் நாளே வர வேண்டும்.

பெரிய ஏமாற்றம் கடைசி நாள். எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற பொதுப் பேச்சாகவே போய்விட்டது. சொல்லியிருக்க வேண்டியவை இவை: மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் 12 முதல் 25 வயது வரை சேரலாம், மூன்றாண்டுப் படிப்பு. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் உண்டு, வில்லிசை கிடையாது. நமக்கு எட்டும் தொலைவில் திருநெல்வேலியில் ஒன்று இருக்கிறது. டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்குப் பட்டப்படிப்போடு குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்ற அனுபவம் கேட்பார்கள். ஆகவே பள்ளி நாடகமானாலும் அழைப்பிதழ், சான்றிதழ், புகைப்படம் எல்லாவற்றையும் இப்போதிருந்தே கோப்பில் வைக்க வேண்டும். 18 முதல் 25 வயதுள்ள கலைஞர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் இரண்டாண்டு உதவித்தொகை தருகிறது, மாதம் 5,000 ரூபாய். வானொலியில் பாட விரும்பினால் குரல் தேர்வில் பாடிக்காட்டித் தரம் வாங்க வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தால் வாரிய உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

பணத்தைப் பற்றி 12 நாளில் ஒரு மணி நேரம்கூடப் பேசவில்லை. கொடைக் கமிட்டி பேசும் தொகை குழு முழுவதற்கும் சேர்த்துத்தான். அதில் வேன் வாடகை, சாப்பாடு, கருவி பழுது போக மிச்சம்தான் பங்கு. எத்தனை இரவு, உச்சிக்கொடையும் சேர்த்தா, மைக் செட் யார் பொறுப்பு, மழையால் நின்றால் முன்பணம் என்ன ஆகும் என்ற நான்கையும் முன்பணம் வாங்கும்போதே தாளில் எழுதி வாங்க வேண்டும். சண்டை வருவதெல்லாம் இவற்றில்தான். கொடைக்காலம் ஓய்ந்து கார்த்திகை மழையில் அழைப்பு வராத மாதங்களுக்கு என்ன செய்வது என்ற கேள்வியைப் பிள்ளைகள் முன் வைக்காமல் இதைத் தொழில் வகுப்பு என்று அழைப்பது நியாயமில்லை. வில்லிசையை ஆறு நாளாகக் குறைத்தால் ஒரு முழு நாள் இதற்குக் கிடைக்கும்.

15 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 1,800 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மூன்றரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்காருவதே பாடு, அவர்கள் காத்திருக்கட்டும். உட்கார மடித்த துண்டு, மயிலாடி நாளுக்கு என்-95 முகக்கவசம், பாட்டைப் பதிவு செய்யப் போன் கொண்டுபோங்கள். முதல் நாள் காலையிலேயே எந்த இருக்கை வேண்டும் என்று கேட்பார்கள். குடம் நான்குதான் இருக்கிறது, முதலில் கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும். 9 மணிக்கே போய்ச் சேருங்கள்.